பார்பிக்யூ கடையில் ஒரு மதியச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினாவில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தாலும், மாமா குடும்பம் வந்தாலும், புதிதாகப் படிக்கப் பிள்ளைகள் யாராவது வந்தாலும், ஒரு சனிக்கிழமை அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பார்பிக்யூ கடைக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அடுத்து வருகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

பார்பிக்யூ என்றால் கரியில் சுட்ட கோழிதானே? அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

சென்னையில் அந்தப் பெயரைச் சொல்லி, மேசை நடுவே கங்கு வைத்து, கம்பியில் கோத்த கறியைக் கொடுக்கிறார்கள். இங்கே தெற்கத்திக்காரர்களிடம் அதை விவரித்தால், "அது கிரில்" என்று மரியாதையாகத் திருத்துவார்கள். கிரில் என்பது கடும் அனலில் சில நிமிட வேலை. பார்பிக்யூ அதற்கு நேர் எதிர். ஏறத்தாழ 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரையிலான மிதமான சூட்டில், விறகுத் தணலின் புகையில், அரை நாளுக்குக் கறி கிடக்கும்.

இதற்கு எடுப்பது இளசான கறி அல்ல. பன்றியின் தோள், மாட்டின் நெஞ்சு என நாளெல்லாம் உடம்பைச் சுமந்த தசைகள். அவசரமாகச் சுட்டால் பல்லுக்குத்தான் வேலை. மெதுவான சூட்டில் அந்தத் தசைகளைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகிவிடுகிறது. ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கெட்டிப்படுகிறதே, அதற்குக் காரணமான அதே பொருள்தான். வாயில் வைத்தால் கறி தானாக உதிர்வதன் ரகசியம் இவ்வளவுதான்.

வட கரோலினாவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இங்கே பார்பிக்யூ என்பது சமையல் முறையின் பெயர் மட்டுமல்ல, பண்டத்தின் பெயரும்கூட. "ஒரு தட்டு பார்பிக்யூ" என்று கேட்டால் புகையில் வெந்த பன்றி இறைச்சிதான் வரும். பன்றி சாப்பிடாதவர்கள் இதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் பன்னிரண்டு மணிக்கே கிளம்பச் சொல்கிறீர்கள்? இரவுச் சாப்பாட்டுக்குப் போனால் என்ன?

பந்திக்கு முந்த வேண்டும் என்பது இந்தக் கடைகளுக்கும் பொருந்தும். நான் முதல் முறை போனது ஒரு சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு. இறைச்சி தீர்ந்துவிட்டது என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளே விட்டார்கள். முட்டைக்கோஸும் பொரித்த மாவு உருண்டையும் தின்றுவிட்டுத் திரும்பினேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் ஏழரை மணிக்குச் சாப்பாடு இல்லை என்றால் என்ன கடை இது என்று அன்று கோபம்.

பிறகுதான் புரிந்தது. இன்று எவ்வளவு கறி என்பதை நேற்று மாலையே முடிவு செய்து அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். கூட்டம் அதிகமாகிவிட்டது என்று இன்னொரு உலை வைக்க வழியில்லை. முழுப் பன்றியென்றால் விடிய விடிய ஆள் கண்விழித்துத் தணல் அள்ளிப்போட வேண்டும். நடுவில் சோதனை வேறு. கறியின் உள்சூடு 65, 70 டிகிரி வந்ததும் மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிடும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி, வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பது போல அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். சிலர் காகிதத்தில் சுற்றி அந்தக் கட்டத்தைத் தாண்டுவார்கள், சிலர் பேசாமல் காத்திருப்பார்கள். நீங்கள் சாப்பிட உட்காரும்போது சமையல்காரரின் வேலை எப்போதோ முடிந்திருக்கும்.

டெக்சஸில் லெக்சிங்டன் என்ற சிற்றூரில் ஸ்னோஸ் என்றொரு கடை. வாரத்தில் சனிக்கிழமை மட்டும், அதுவும் காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். அந்த மாநிலத்தின் மாத இதழ் ஒன்று 2008இல் அதை முதலிடத்தில் வைத்ததிலிருந்து விடியும் முன்பே வரிசை நிற்கிறது. எங்கள் பக்கம் அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் பல பழைய கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட்டு யாரும் ஐம்பது மைல் ஓட்ட வேண்டாம்.

பலகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எப்படிக் கேட்டு வாங்குவது?

ஊரைப் பொறுத்தது. எங்கள் மாநிலத்திலும் ஒரு லெக்சிங்டன் இருக்கிறது. பார்பிக்யூவுக்கு இன்னும் பழைய பெயர் பெற்ற ஊர், 1984 முதல் அக்டோபர் மாதம் இதற்கென்றே திருவிழா நடத்துகிறார்கள். அங்கே மூன்று விதமாக வாங்கலாம். சாண்ட்விச் என்றால் மெத்தென்ற பன்னுக்குள் கறியும் அதன் மேல் கோஸும் வைத்துத் தருவார்கள். கோஸ் தனியாக வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். டிரே என்றால் சிறிய காகிதத் தொட்டியில் பாதி கறி, பாதி கோஸ். பிளேட் என்றால் கூடவே உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும்.

அடுத்து, எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்பார்கள். "சாப்ட்" என்றால் பொடியாகக் கொத்தியது, "கோர்ஸ் சாப்ட்" என்றால் பெருவெட்டு, "ஸ்லைஸ்ட்" என்றால் வில்லைகள். இந்த மூன்றுக்கும் அப்பால் ஒரு மந்திரச்சொல் உண்டு: "பிரவுன்". தோள் கறியின் வெளிப்பக்கம் புகையும் சூடும் பட்டுக் கருத்து, முறுகி, உப்பேறியிருக்கும். அதில் கொஞ்சம் சேர்த்துப் போடச் சொல்வதற்கான சொல் அது. சட்டியின் அடியில் ஒட்டிய கறிக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. பெருவெட்டு, பிரவுன் சேர்த்து என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

டெக்சஸ் பக்கம் போனால் எடை போட்டுத்தான் விற்பார்கள். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். மாட்டு நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட் கேட்டால், "லீனா, மாய்ஸ்ட்டா?" என்று கேட்பார்கள். கொழுப்புள்ள பக்கத்துக்குத்தான் மாய்ஸ்ட் என்று நாசூக்காகப் பெயர். அதையே வாங்குங்கள். கொழுப்பு வேண்டாம் என்று நினைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம்.

ஆளுக்கு எவ்வளவு?

பக்கவாத்தியங்களோடு சேர்த்து அரை பவுண்டு தாராளம். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கால் பவுண்டே மிஞ்சும்.

உள்ளே சிவப்பாக இருக்கிறதே, வேகவில்லையா?

மாமா தட்டைத் திருப்பி அனுப்பப் போனது இதற்காகத்தான். வெந்திருக்கிறது. தேவைக்கு மேலேயே வெந்திருக்கிறது. இந்தக் கறிகளை உள்சூடு 90 டிகிரியைத் தாண்டும் வரை விடுகிறார்கள். ஓரத்தில் தெரியும் அந்த ரோஜா நிற வளையம் புகையின் வேலை. விறகு எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைநிறுத்திவிடுகின்றன. நல்ல கடைக்கு அதுதான் அடையாளம் என்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, ருசிக்கும் வளையத்துக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் பயப்பட வேண்டியதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மாடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம். எங்களுக்கு என்ன இருக்கிறது?

கோழி அநேகமாக எல்லாக் கடையிலும் உண்டு, பல இடங்களில் வான்கோழியும் கிடைக்கும். சாசேஜ் மட்டும் வேண்டாம். மாடும் பன்றியும் கலந்தே செய்வது சகஜம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒன்று, கோழி வெந்தது அதே அடுப்பில், வெட்டியது பெரும்பாலும் அதே பலகையில், அதே கத்தியால். இதைப் பொருட்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கடைகள் ஏற்றவை அல்ல. ஹலால் முறையில் பிரிஸ்கெட் புகைக்கும் கடைகள் டெக்சஸில் இப்போது இருக்கின்றன. எங்கள் பக்கத்துப் பழைய கடைகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

அம்மா சைவம். அவர் என்ன சாப்பிடுவார்?

இந்தக் கேள்விக்குப் பட்டுத்தான் பதில் தெரிந்துகொண்டேன். என் அம்மாவுக்கு அவித்த பீன்ஸ் வாங்கிக் கொடுத்தேன். "மாமிசம் இருக்கிறதா?" என்று கேட்டேன், பணிப்பெண் இல்லை என்றார். மூன்றாவது கரண்டியில் அம்மா மெல்லுவதை நிறுத்தினார். பணிப்பெண் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் மாமிசம் என்பது தட்டில் கறியாகத் தெரிவது. பீன்ஸில் கிடக்கும் பன்றித் துண்டு, நம் கூட்டில் பெருங்காயம் மாதிரி வெறும் வாசனைப் பொருள்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "பன்றி போட்டு வேகவைத்ததா? எந்த எண்ணெயில் பொரித்தது?" என்று கேட்டால் உண்மை வரும். காலர்டு கீரையும் பச்சை பீன்ஸும் பன்றியின் கணுக்காலோ பேக்கனோ போட்டே வேகும். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் செய்யும் தட்டையான சோள ரொட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கும். ஹஷ் பப்பி எனப்படும் பொரித்த சோளமாவு உருண்டை போண்டாவுக்குத் தூரத்து உறவு, பிள்ளைகள் அள்ளித் தின்பார்கள். அது எதில் பொரிக்கப்பட்டது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோல்ஸ்லாவில் மயோனைஸ், அதாவது முட்டை. லெக்சிங்டனின் சிவப்புக் கோஸ் வினிகரும் கெட்சப்பும் கலந்தது, மயோனைஸ் கிடையாது, அம்மா இப்போது விரும்பிக் கேட்பது அதைத்தான்.

பொரித்த வெண்டைக்காய் கிடைத்தால் விடாதீர்கள். சோளமாவில் புரட்டிப் பொரித்து மொறுமொறுவென்று தருவார்கள். வெண்டைக்காய் இங்கே வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சமையலோடு.

வெங்காயம்கூடச் சேர்க்காத அளவுக்கு ஆசாரமானவர்களை மட்டும் அழைத்துப் போகாதீர்கள். அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சாப்பாடு இறங்காது.

காரமாக இருக்குமா?

இருக்காது. நம் நாக்குக்கு இது உப்பும் புளிப்பும் புகையும்தான். மேசையில் டெக்சஸ் பீட் என்றொரு காரக் குழம்புப் புட்டி இருக்கும், அதை ஊற்றிக்கொள்ளலாம். பெயரில்தான் டெக்சஸ், தயாராவது வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில். இப்படிப் பெயர் வைத்து ஏமாற்றலாமா என்று 2022இல் ஒருவர் வழக்கே போட்டார்.

சாஸ் விஷயத்தில் ஊருக்கு ஊர் சண்டை என்கிறார்களே?

சண்டை உண்மை. எங்கள் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றி, வினிகர், உப்பு, மிளகாய், மிளகு. தக்காளி என்ற பேச்சுக்கே இடமில்லை. மேற்கே லெக்சிங்டன் பக்கம் தோள் கறி மட்டும், வினிகரில் கொஞ்சம் கெட்சப். அதற்கு "டிப்" என்று பெயர். வெளியாட்களுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளூரில் சொல்லிவிடாதீர்கள். தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகு அரைத்த மஞ்சள் சாஸ், ஜெர்மன் குடியேறிகளின் வழக்கம் என்பார்கள். அலபாமாவின் டிகேட்டர் ஊரில் 1925இல் தொடங்கிய பிக் பாப் கிப்சன் கடை, மயோனைஸும் வினிகரும் சேர்ந்த வெள்ளை சாஸில் கோழியை முக்கித் தருகிறது. மெம்பிஸில் விலா எலும்பு. 1948 முதல் நடக்கும் ரெண்டவூ கடையில் அதைச் சாஸே இல்லாமல், மசாலாப் பொடி தூவிக் கொடுப்பார்கள். டெக்சஸின் நடுப்பகுதியில் உப்பும் மிளகும் போதும் என்பார்கள்.

என் கட்சி கிழக்கு வினிகர். கொழுப்புக்குப் புளிப்பு வேண்டும் என்பது புளிக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த ஊரானாலும் முதல் வாய் சாஸ் இல்லாமல் சாப்பிடுங்கள். ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து செய்ததை முதலில் ருசி பார்த்துவிட்டுப் பிறகு முக்குங்கள்.

ஆட்டுக்கறியே கிடையாதா?

உண்டு, ஆனால் வண்டியை வெகுதூரம் ஓட்ட வேண்டும். கென்டக்கியின் மேற்கில், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் ஓவன்ஸ்போரோ ஊரின் பெருமையே மட்டன் பார்பிக்யூதான். நம் ஊர் மட்டன் பெரும்பாலும் வெள்ளாடு, இது முதிர்ந்த செம்மறி. வாடை தூக்கலாக இருக்கும். அதைத் தணிக்கத்தான் வூஸ்டர்ஷயர் சாஸ் கலந்த கறுப்பு டிப் ஊற்றுகிறார்கள். மூன்லைட் என்ற கடை 1963 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பர்கூ என்ற மட்டன் காய்கறிக் குழம்பும் அங்கே கிடைக்கும். அப்பா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "கொஞ்சம் சோறு இருந்தால்" என்றார்.

கையால் சாப்பிடலாமா?

விலா எலும்பை வேறு எதனாலும் சாப்பிட முடியாது. மேசையில் காகிதத் துண்டு ஒரு முழு உருளையாகவே நிற்பதைப் பார்த்தால் புரியும். கொத்திய கறிக்கு முள்கரண்டி. யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

குடிக்க என்ன?

சுவீட் டீ. சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்து, பால் சேர்க்காமல், ஐஸ் நிரப்பித் தருவது. பாயசத்தோடு போட்டி போடும் இனிப்பு. சர்க்கரை உள்ளவர்கள் "அன்சுவீட்" என்று அழுத்திச் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கலந்தும் கேட்கலாம், கேட்காமலே மறுபடி மறுபடி நிரப்புவார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. இல்லையென்றால் சியர்வைன். பெயரில் வைன் இருந்தாலும் மது அல்ல, எங்கள் மாநிலத்தின் சாலிஸ்பரியில் 1917இல் பிறந்த செர்ரி சோடா. பீர் பல பழைய கடைகளில் கிடையவே கிடையாது.

பணிப்பெண் என்னை "ஹனி" என்றாரே?

எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார். அப்பா அன்று வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

டிப்ஸ் வைக்க வேண்டுமா?

மேசைக்கு வந்து பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம். கவுன்டரில் நாமே வாங்கிக்கொண்டால் ஜாடியில் ஒன்றிரண்டு டாலர் போதும். பலகையிலுள்ள விலையில் வரி சேர்ந்திருக்காது.

இந்தச் சமையலைக் கண்டுபிடித்தது யார்?

பெயர் கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து, ஸ்பானியர்களின் "பார்பகோவா" வழியாக வந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1769இல் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு பார்பிக்யூ விருந்துக்குப் போனதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட விருந்துகளில் குழி வெட்டி, விறகு எரித்து, இரவெல்லாம் கறியைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள். கைப்பக்குவம் அவர்களுடையது. பெயர் நெடுங்காலம் வேறு யாருக்கோ போனது.

அலபாமாவின் பர்மிங்காமில் ஆலிஸ் பார்பிக்யூ என்ற கடை இருந்தது. வேலைக்கு 36 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போகலாம். உணவகங்களில் இனப் பாகுபாடு கூடாது என்ற 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று அந்தக் கடைக்காரர்கள் வழக்காடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கடை வாங்கும் கறியில் பெரும்பகுதி வேறு மாநிலத்திலிருந்து வருகிறது, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது, ஆகவே மத்தியச் சட்டம் செல்லும் என்பது வாதத்தின் சாரம். தனிக் குவளை வைத்த டீக்கடைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தத் தீர்ப்பை முதலில் படித்த அன்று சாப்பாடு பற்றி யோசிக்கவே தோன்றவில்லை.

இப்போது நிலைமை மாறிவருகிறது. தென் கரோலினாவின் ஹெமிங்வே என்ற சிற்றூரில் குடும்பக் கடையில் முழுப் பன்றி சமைத்து வளர்ந்த ராட்னி ஸ்காட்டுக்கு 2018இல் ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. தென்கிழக்கு மாநிலங்களின் சிறந்த சமையல்கலைஞர் என்று.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கம் பார்க்காதீர்கள், கடையின் பின்பக்கம் போங்கள். வெட்டி அடுக்கிய விறகு மலை போலக் கிடக்க வேண்டும், ஓக் அல்லது ஹிக்கரி. விறகு இல்லையென்றால் உள்ளே எரிவாயுவோ மின்சாரமோ வேலை செய்கிறது என்று பொருள். இப்போது அப்படித்தான் பல கடைகள். மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்காக அரை நாள் பயணம் தேவையில்லை. எங்கள் மாநிலத்தின் கிழக்கே ஏய்டன் ஊரில் 1947 முதல் நடக்கும் ஸ்கைலைட் இன் கடையில் விறகுக் குவியலும் உண்டு, கூரை மேல் நாடாளுமன்றக் கட்டடம் போல ஒரு குவிமாடமும் உண்டு. முறுகிய தோலையும் கறியோடு சேர்த்துக் கொத்துவார்கள். வெட்டுக்கத்தி பலகையில் விழும் சத்தம் வரிசையில் நிற்கும்போதே கேட்கும்.

மிச்சமானால்?

பெட்டி கேளுங்கள், தருவார்கள். கோடை வெயிலில் காரில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாமல் இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயிலென்றால் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். சூடாக்கும்போது ஒரு கரண்டி தண்ணீரோ வினிகரோ தெளித்து, மூடி, சிறு தீயில் வையுங்கள். மறுநாள் ரசம் சாதத்துக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. உள்ளூர் நண்பர்களிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இவ்வளவுதானா? வீட்டிலேயே செய்துவிடலாமே?

ஒரு முறை செய்தேன். நான்கு கிலோ தோள் கறியைக் காலை ஆறு மணிக்குக் கொல்லைப்புறத்தில் ஏற்றினேன். மாலை ஏழு மணிக்குச் சாப்பாடு என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். மூன்று மணிக்கு உள்சூடு 68 டிகிரியில் நின்றது, ஆறு மணிக்கு 70. இரவு பத்தரைக்கு எடுத்தேன். நண்பர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் ஒன்பது மணிக்கே தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள்.